இடுப்புல ஒரு சூரிக்கத்தி

போன வாரம் சென்னையில இருந்து ஒரு நண்பர் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறானா மலையேறப் போறவர். "அன்னாடம் கூடவே வெச்சுக்கற மாதிரி மடக்காத சின்னக் கத்தி ஒண்ணு வாங்கணும். நீங்கதான் எந்நேரமும் கத்தியோட திரியறீங்களே, எது நல்லதுன்னு சொல்லுங்க" என்று கேட்டார். கூடவே ஆறு படம் அனுப்பினார். எல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தது. ஒண்ணுக்கு முதுகுல ரம்பப் பல்லு, ஒண்ணுக்கு பிடியில விரல் பதிய நாலு பள்ளம், ஒண்ணு பார்த்தாலே பட்டாளத்துக்குப் போற மாதிரி. விலை நாலாயிரத்துக்குக் குறைஞ்சு எதுவும் இல்லை. "இதுல எதுவும் வேண்டாங்க" என்று ஒரே வரியில சொல்லிட்டேன். அவருக்கு முகம் சுருங்கியிருக்கும் போல, அப்புறம் பேச்சே இல்லை. ஒத்தை வரியில சொல்லக்கூடாத விசயம்தான். அதனால இங்கே விலாவாரியா எழுதறேன்.

என் இடுப்புல இருக்கற கத்தியைச் சொல்லிட்டு ஆரம்பிக்கறேன். எங்க பக்கம் இதைச் சூரிக்கத்தி என்போம், சுருக்கமா சூரி. அலகு நாலு விரல்கடைக்குக் கொஞ்சம் கூட, மூணரை இஞ்சு வரும். லாரிப் பட்டையில அடிச்சது. கருவேலம் பிடி, பிடி ஆரம்பிக்கற இடத்துல ஒரு பித்தளைப் பூண். உறை, முக்கால் அடி பிளாஸ்டிக் குழாயைச் சூடு காட்டி நசுக்கி நானே செஞ்சது. எங்க ஊர்க்காரங்க வேட்டி மேல கட்டற அகலமான பச்சை பெல்ட் நீங்க பார்த்திருப்பீங்க, பீடிக்கட்டு, பணம், செல்போன் எல்லாம் அதுலதான் இருக்கும். அதுல சொருகிக்குவேன். கூலி 350 ரூபாய். பட்டைத் துண்டு நான் கொண்டுபோய்க் கொடுத்தது.

எல்லாத் தோட்டத்துலயும் பெரிய வெட்டுக்குக் கொடுவாள் இருக்கு, அறுப்புக்குக் கருக்கருவாள் இருக்கு, சமையக்கட்டுல அருவாமணை இருக்கு. அப்புறம் எதுக்கு இந்தச் சின்னது என்று கேட்பீங்க. ஒரு நாளைக்கு அதை நான் எத்தனை தடவை உருவறேன்னு எண்ணிப் பார்த்தேன். காலையில மாட்டுத் தீவன மூட்டையோட தையல் நூலை அறுக்க. சொட்டுநீர்க் குழாய் ஒண்ணை எலி கடிச்சிருந்தது, அந்த இடத்தை வெட்டி எடுத்து இணைப்பு போட. வாழைக்கு முட்டுக் கொடுத்த கயித்தை அறுக்க. சாப்பிட இலை அறுக்க. வெள்ளாட்டுக் குளம்புல சிக்கின கல்லை நோண்ட. ஒரு முள்ளு எடுக்க (இது என் கால்ல). ரெண்டு கொய்யாப்பழம். சாயங்காலம் தேங்காய்ப் பத்தை. இதுல ஒண்ணுக்கும் கொடுவாள் ஆகாது. கொடுவாளை எடுக்கணும்னா சாளைக்குப் போகணும், போய்ட்டு வர்றதுக்குள்ள அந்த வேலையே மறந்துபோகும். கையில இல்லாத கத்தி எவ்வளவு நல்ல கத்தியா இருந்தாலும் பிரயோசனம் இல்லை.

மடக்காத கத்திதான் வேணும்னு நான் பிடிவாதம் பிடிக்க ஒரு காரணம் இருக்கு. மூணு வருசத்துக்கு முன்ன வரைக்கும் நானும் மடக்குக் கத்திதான் வெச்சிருந்தேன். வெளிநாட்டுல இருக்கற மச்சான் வாங்கிட்டு வந்து கொடுத்தது. நல்ல கத்தி, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்லை. சட்டைப் பையில போட்டா கனமே தெரியாது. ஆனா வாழைத்தோட்டத்துல அதை வெச்சு வேலை செஞ்சவங்களுக்குத் தெரியும், வாழைப்பால் என்பது கோந்து மாதிரி. அது மடக்குற கணுவுக்குள்ள இறங்கி, மேல மண்ணு சேர்ந்து, காய்ஞ்சு இறுகிக்கும். வாரத்துக்கு ஒருக்கா வெந்நீர்ல ஊறவெச்சு எண்ணெய் விட்டா ஒண்ணும் ஆகாது. நான் விடலை.

ஐப்பசி மழை. வாய்க்கால் மேட்டுல புல்லு நல்லா இருந்ததுன்னு கிடாரியை அங்கே கட்டியிருந்தோம். ஒண்ணேகால் வயசு. அதோட தாய் ஈன்ற பத்தாம் நாள் செத்துப்போச்சு, என் வீட்டுக்காரி புட்டியில பால் ஊத்தி வளர்த்த கன்னு. மழையில மண்ணு இளகி, கால் வழுக்கி, மேட்டுல இருந்து பள்ளத்துப் பக்கம் சரிஞ்சுடுச்சு. முளைக்குச்சி அசையலை, கயிறும் அறுகலை. கயிறு நைலான். அந்தக் காலத்துத் தும்புக் கயிறா இருந்தா அந்த எடைக்கு ஒருவேளை அறுந்திருக்கும். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தப்ப பின்னங்கால் ரெண்டும் தரையைத் தேடித் துழாவிக்கிட்டு இருந்தது. முடிச்சு இறுகிப்போச்சு, தூக்கி நிறுத்த ஒத்தை ஆளால முடியாது. பையில இருந்து கத்தியை எடுத்தேன். கையெல்லாம் சேறு. நகத்தை வெச்சுத் திறக்கற பள்ளத்துல விரல் நிக்கவே இல்லை. கணு இறுகிப்போயிருக்கு. பல்லுல கடிச்சு இழுத்தேன். வேட்டியில துடைச்சு மறுபடி இழுத்தேன். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியலை. பக்கத்துக் காட்டுப் பெரியவர் சத்தம் கேட்டு ஓடி வந்தார், இடுப்புல இருந்து சூரியை உருவி ஒரே இழுப்பு, கயிறு போச்சு. கிடாரி கீழே விழுந்துச்சு. எந்திரிக்கலை.

கத்தியைக் குத்தம் சொல்ல மாட்டேன், பராமரிக்காதவன் நான். ஆனா அன்னைக்கு ஒண்ணு புரிஞ்சுது. பராமரிப்பு மறந்துபோற மனுசனுக்கு, மறந்தாலும் வேலை செய்யற சாமான்தான் தோது. மடக்காத கத்தியில கணு இல்லை, சுருள்வில் இல்லை. சேத்துக் கையில உருவலாம். வாய்க்கால் தண்ணியில முக்கி வேட்டியில துடைச்சா வேலை முடிஞ்சுது. வீட்டுக்காரி அந்தக் கிடாரியைப் பத்தி ஒரு வார்த்தை என்னைக் கேட்கலை. கேட்டிருந்தா தேவலைன்னு இருந்தது.

அடுத்த வாரமே கொல்லுப்பட்டறைக்குப் போனேன்.

எங்க ஊரைச் சுத்தி ஒரு காலத்துல ஊருக்கு ஒரு பட்டறை இருந்திருக்கு. எங்க அப்புச்சி காலத்துல ஆசாரிக்குப் பணம் கொடுக்கறது கிடையாது. வருசம் பூரா கொழு, மண்வெட்டி, அருவாள்னு எது வேணும்னாலும் அடிச்சுக் கொடுக்கணும், அறுவடைக்குக் களத்துல தானியம் அளந்து கொடுப்பாங்க. கொடுத்ததை வாங்கிக்கணும். வயசுல மூத்த ஆசாரியைக்கூட வாடா போடான்னு கூப்பிட்ட காலம். அதைப் பெருமையாச் சொல்றவங்க இன்னமும் இருக்காங்க, எனக்கு அதுல பெருமைப்பட ஒண்ணும் தெரியலை. இப்ப நாலு ஊருக்குச் சேர்த்து ஒரே பட்டறைதான். ஆசாரி அண்ணனுக்கு எழுபதைத் தொடற வயசு. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். துருத்தி போய் மின்சார ஊதி வந்தாச்சு, சம்மட்டி பிடிக்க ஆள் இல்லாததால தேவைப்படறவங்களே சம்மட்டி அடிக்கணும். நானும் அடிச்சேன். ரெண்டு நாள் தோள்பட்டை தூக்க முடியலை.

இந்த மண்ணுல இரும்பு வேலை புதுசில்லைங்க. சென்னிமலைக்குப் பக்கத்துல நொய்யல் கரையில கொடுமணல்னு ஒரு ஊர். அங்கே தோண்டினப்ப ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின இரும்பு உருக்கின உலைகளோட தடயம் கிடைச்சிருக்கு. வெள்ளைக்காரங்க 'ஊட்சு' என்று எழுதின நம்ம தெற்கத்தி எஃகுக்குப் பேரே உக்கு, உருக்கு என்ற சொல்லுல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க. அந்த நொய்யல் கரையில இருந்து கூப்பிடு தூரத்து ஊர்ல இன்னைக்கு ஒரு கத்தி அடிக்க ஆள் தேட வேண்டியிருக்கு.

சரி, கத்திக்கு வர்றேன். முதல்ல பதம். கத்தியோட மொத்த உசுரும் அதுலதான், படத்துல அது தெரியாது. லாரிப் பட்டை நல்ல எஃகு, சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த சுருள்வில் ரகம், வளைஞ்சாலும் நிமிரும். அதைக் காய்ச்சி, தட்டி மெலிசாக்கி, உருவம் வந்ததும் செவசெவன்னு பழுக்கக் காய்ச்சி எண்ணெயில முக்குவார். எந்த அளவுக்குச் சூடுன்னு ஆசாரி அண்ணனுக்கு நிறமே சொல்லும். சந்தேகம்னா ஒரு காந்தத்தை நீட்டிப் பார்ப்பார், ஒட்டலைன்னா சூடு போதும். தண்ணியில முக்க மாட்டார், இந்த ரகம் விரிசல் விடும். முக்கி எடுத்ததும் இரும்பு கண்ணாடி மாதிரி இருக்கும். கீழே போட்டா உடையும். அங்கேதான் பலபேர் நிறுத்திடறாங்க. அண்ணன் அலகை ஒரு பக்கம் பளபளன்னு தேய்ச்சுட்டு, வேற ஒரு பழுத்த கம்பி மேல கத்தி முதுகை வெச்சுக் காத்திருப்பார். முதுகுல இருந்து வாய்ப்பக்கம் நோக்கி நிறம் ஓடி வரும். முதல்ல வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ, கடைசியா நீலம். வைக்கோல் நிறம் வாய்க்கு வந்து சேரும்போது எடுத்து ஆற வெச்சுடுவார். வாய் கெட்டியா, முதுகு கொஞ்சம் இளகினதா அமையும். "நீலம் வாய்க்கு வந்துருச்சுன்னா தம்பி, அது கத்தி இல்ல, கரண்டி" என்பார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டறேன்னா, ஒரு தப்பு நானே செஞ்சேன். அவர் அடிச்சுக் கொடுத்த முதல் கத்தி மழுங்கினப்ப, சோம்பேறித்தனமா வெல்டிங் வேலைக்கு வெச்சிருக்கற சுத்தற சக்கரத்துல பிடிச்சுட்டேன். பொறி பறந்தது, பார்க்க நல்லா இருந்தது. நுனியில ரெண்டு இடத்துல நீலம் பாரிச்சிருந்ததை நான் கவனிக்கலை. அதுக்கப்புறம் அந்த ரெண்டு இடமும் எவ்வளவு தீட்டினாலும் ஒரு நாளுக்கு மேல நிக்கலை. அவர் அதைப் பார்த்துட்டு ஒண்ணும் திட்டலை. மறுபடி உலையில போட்டுட்டு, "மோட்டார்ல பிடிச்சீங்களாக்கும்" என்று மட்டும் கேட்டார். கையால கல்லுல தீட்டறதுதான் சரி. கல்லு இல்லையா, பீங்கான் கோப்பையைக் கவுத்துப் பாருங்க, அடியில மெருகு இல்லாம சொரசொரன்னு ஒரு வட்டம் இருக்கும். அதுல நாலு இழுப்பு இழுத்தா தக்காளி அறுக்கற கூர்மை வந்துடும். அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்களுக்கு இது போதும்.

கனத்தைப் பத்தி. நண்பர் அனுப்பின படத்துல பாதி, அஞ்சு மில்லிமீட்டர் முதுகு உள்ள கத்திங்க. அது ஆப்பு. கேரட்டை அதுல வெட்டிப் பாருங்க, பாதி தூரம் அறுக்கும், மீதி டப்புனு பிளக்கும். கட்டையை நெம்பறதுக்கு அவ்வளவு கனம் வேணும்பாங்க. கட்டையை நெம்ப எனக்குக் கடப்பாரை இருக்கு. தினசரி வேலைக்கு ரெண்டு, ரெண்டரை மில்லிமீட்டர் முதுகு போதும். நீளமும் அப்படித்தான், மூணுல இருந்து நாலு இஞ்சு. அதுக்கு மேல போனா குந்தறப்ப விலாவுல குத்தும், கொஞ்ச நாள்ல வீட்டுல வெச்சுட்டு வர ஆரம்பிச்சுடுவீங்க. சுவீடன் நாட்டுல மோரான்னு ஒரு ஊர், நூறு வருசத்துக்கு மேலா அங்கே கத்தி செய்யறாங்க. தச்சரும் மீன்பிடிக்கறவரும் கொத்தனாரும் சாதாரணமா வெச்சுக்கற கத்தி. பின்லாந்துல பூக்கோன்னு ஒரு ரகம். ரெண்டும் பாருங்க, மெலிசு அலகு, குட்டை நீளம், பீப்பாய் மாதிரி லேசா நடு பருத்த பிடி, எந்த அலங்காரமும் இல்லை. நம்ம சூரியைப் பக்கத்துல வெச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எந்த ஊரா இருந்தாலும் வேலைக்காரன் கை கத்தியை ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடுது.

இரும்பா, துருப்பிடிக்காத ரகமா என்ற கேள்விக்கு நான் என் கட்சியை விட்டுக்கொடுத்தே பேசறேன். எனக்குச் சாதா எஃகுதான் பிடிக்கும், தீட்டச் சுலபம். ஆனா எலுமிச்சை, மாங்காய், வாழை எது பட்டாலும் கறுக்கும். ராத்திரி துடைச்சுத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவலைன்னா காலையில செம்புள்ளி. கடற்கரை ஊர்ல இருக்கறவங்க, கழுவி அப்படியே போட்டுட்டுப் போறவங்க, துருப்பிடிக்காத ரகமே வாங்கிக்குங்க. அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

பிடியில விரலுக்கு விரல் பள்ளம் இருந்தா வாங்கவே வாங்காதீங்க. அந்தப் பள்ளம் யாரோ ஒருத்தர் கைக்கு, ஒரே ஒரு மாதிரி பிடிக்கறதுக்கு வெட்டினது. கத்தியைத் திருப்பிப் பிடிச்சா விரல் இடுக்குல மேடு அழுத்தும். அரை மணி நேரத்துல கொப்புளம்.

இனி நண்பர் கேட்காத ஒரு விசயம். 1959-ம் வருசத்து ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன சாமான்களை ஆயுதக் கணக்குல சேர்க்கறதில்லை. விதிகள்ல 9 இஞ்சு நீளம், 2 இஞ்சு அகலம்னு ஒரு அளவு இருக்கு, அதைத் தாண்டின, வேலைச் சாமான் அல்லாத கத்திங்கதான் அந்தப் பட்டியல்ல வரும். காகிதத்துல அப்படி. ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு டவுன் பஸ் ஸ்டாண்டுல பையைத் திறக்கச் சொல்றவர்கிட்ட இஞ்சுக் கணக்குப் பேச முடியுமா? எனக்கு ஒருதடவை ஆச்சு. மறந்துபோய் இடுப்புலயே வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டேன். அரை மணி நேரம் நிக்க வெச்சாங்க. மண்ணு ஒட்டின உறையையும் என் கால் வெடிப்பையும் பார்த்துட்டு, "ஊருக்குள்ள இதெல்லாம் எதுக்குய்யா" என்று கொடுத்துட்டாங்க. முதுகுல ரம்பப் பல்லு வெச்ச கறுப்புக் கத்தியா இருந்திருந்தா அவ்வளவு சுலபமா விட்டிருப்பாங்களான்னு யோசிச்சுப் பாருங்க. அன்னையில இருந்து டவுனுக்குப் போனா சூரி சாமிப்படத்துக்குப் பக்கத்து ஆணியில தொங்கும்.

நம்ம சினிமாவுல கிராமம்னு காட்டினாலே அருவாளை ஓங்கிக்கிட்டு ஒருத்தன் ஓடுவான். முப்பது வருசமா இடுப்புல கருக்கருவாளோட களையெடுக்கவும் அறுக்கவும் போற அம்மாக்களை யாரும் காட்டினதில்லை. அதனாலதான் நகரத்து ஆளுக்குக் கத்தின்னதும் ஒண்ணு பயம் வருது, இல்லைன்னா வீரம் வருது. ரெண்டும் வேண்டாத வேலை. நண்பருக்கு நான் சொல்றது இதுதான்: மலையேறப் போற பையில ஒண்ணு இருக்கட்டும், சமையக்கட்டுல ஒண்ணு இருக்கட்டும். ஆபீசுக்கு இடுப்புல சொருகிட்டுப் போற வேலை உங்களுக்கு இல்லைங்க. தற்காப்புக்குன்னு நினைச்சா அதைவிட ஆபத்து கிடையாது, உருவின கத்தி யார் கைக்குப் போகும்னு யாருக்கும் தெரியாது. அந்த நாலாயிரத்துல பத்துல ஒரு பங்கை எடுத்துக்கிட்டு, ஊர்ப்பக்கம் வரும்போது ஏதாவது ஒரு பட்டறை வாசல்ல நில்லுங்க. நின்னு, செய்யறதைப் பார்த்து, கூலி பேரம் பேசாம வாங்குங்க. சம்மட்டி அடிக்கச் சொன்னா அடிங்க.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். என் சூரியை என்னைவிட அதிகமா எடுக்கறது வீட்டுக்காரிதான். எடுத்துட்டு முணுமுணுத்துக்கிட்டே திருப்பி வெப்பா. பிடி தடிமன், கை சுத்தி வரமாட்டேங்குதுன்னு. இத்தனை வருசமா அது எனக்குக் குறையாவே படலை. பட்டறையில அடிக்கற அத்தனை பிடியும் ஆம்பளைக் கைக்குத்தான், ஆனா அதைப் பிடிச்சு வேலை செய்யறதுல பாதிக்கு மேல பொம்பளைங்க. போன மாசம் அவளையே கூட்டிட்டுப் போனேன். ஆசாரி அண்ணன் ஒரு கருவேலங் குச்சியைக் கையில கொடுத்து, "மூடிப் பிடி அம்மிணி" என்றார். விரல் நுனி உள்ளங்கையைத் தொடலை. அரத்தால நாலு இழுப்பு. மறுபடி பிடிக்கச் சொன்னார். இப்படி அஞ்சாறு தடவை. கடைசியில அவளே, "போதுங்கண்ணா, இதுதான்" என்றாள். அலகும் என்னோடதைவிட அரை இஞ்சு குட்டையா கேட்டு வாங்கினாள். கூலியை அவள் சுருக்குப் பையில இருந்துதான் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில மாடு கட்டியிருக்கற எல்லாக் கயித்தையும் ஒண்ணொண்ணா இழுத்துப் பார்த்துட்டு, நாலு நைலான் கயித்தை அந்தக் கத்தியால அறுத்துக் குப்பைக் குழியில போட்டாள். சந்தையில தும்புக் கயிறு வாங்கிட்டு வரச் சொல்லி என்கிட்டப் பணம் கேட்டாள். வாங்கிட்டு வந்து கட்டியாச்சு.